தேற்றமா, ஊகமா, கோட்பாடா? கணிதத்திலும் அறிவியலிலும் புழங்கும் தர்க்கச் சொற்கள்: முழுமையான வழிகாட்டி

"பரிணாமம் வெறும் கோட்பாடுதானே, விதி இல்லையே?" என்று கேட்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். இன்னொரு பக்கம், ஒரு முக்கோணம் செங்கோண முக்கோணம் என்று காட்ட வேண்டிய கணக்கில் பிதாகரஸ் தேற்றத்தின் மறுதலையை (தேற்றத்தைத் திருப்பிப்போட்ட கூற்றை) பயன்படுத்திவிட்டு "பிதாகரஸ் தேற்றத்தின்படி" என்று எழுதி மதிப்பெண்ணை விடும் மாணவர்கள் இருக்கிறார்கள். இரண்டு இடத்திலும் கோளாறு ஒன்றுதான். சொல் தெரிகிறது, ஆனால் அது எந்த வகைக் கூற்றுக்கு வைத்த பெயர் என்பது தெரியவில்லை.

இந்தச் சொற்களை அகராதி போல மனப்பாடம் செய்தால் ஒரு வாரம்கூட நிற்காது. ஒவ்வொரு சொல்லையும் ஒரே கேள்வியால் உரசிப் பாருங்கள்: எதைக் காட்டினால் இது விழும்? ஊகம் ஒற்றை எண்ணில் விழுந்துவிடும். தேற்றத்துக்கு எதிராக ஏதாவது கிடைத்தால், ஒன்று நீங்கள் நிபந்தனையைச் சரியாகப் படிக்கவில்லை, இல்லையென்றால் நிரூபணத்தில் ஓட்டை இருக்கிறது. வரையறையை எதைக் காட்டியும் வீழ்த்த முடியாது. அறிவியல் கருதுகோள் ஓர் அளவீட்டில் விழலாம், விழாமல் தப்பிக்கவும் செய்யலாம். அது தனிக் கதை, பின்னால் வருகிறது.

முதல் படி: கூற்றா, இல்லையா?

மெய் அல்லது பொய் என்று ஏதாவது ஒன்றைச் சொல்ல முடிகிற வாக்கியம்தான் கூற்று. "கதவை மூடு" கூற்று அல்ல. "7 ஒரு பகா எண்" மெய்க் கூற்று, "9 ஒரு பகா எண்" பொய்க் கூற்று. பொய்யாக இருப்பதால் கூற்றுத் தகுதி போய்விடாது. "அந்த எண்ணோடு 3 கூட்டினால் 7" என்பது எந்த எண் என்று சொல்லும்வரை கூற்று ஆகாது. சமன்பாடுகள் எல்லாம் இந்த வகையில்தான் தொடங்குகின்றன.

அடுத்துப் பார்க்க வேண்டியது, கூற்று எத்தனை பேரைப் பற்றிப் பேசுகிறது என்பது. தமிழ் இங்கே கொஞ்சம் ஏமாற்றும். "ஒரு முக்கோணத்தின் கோணங்களின் கூடுதல் 180 பாகை" என்பதில் "ஒரு" என்றால் எந்த முக்கோணமும். "இரட்டைப்படையான ஒரு பகா எண் உண்டு" என்பதில் "ஒரு" என்றால் குறைந்தது ஒன்று. சொல் அதே, பொருள் இரண்டு துருவம். முன்னதை வீழ்த்த ஒரே ஒரு எதிர் எடுத்துக்காட்டு போதும், மெய்யாக்க எல்லா முக்கோணங்களுக்கும் நிரூபணம் வேண்டும். பின்னதை மெய்யாக்க 2 என்ற ஓர் எண் போதும். ஆகவே "ஒரு" வரும் இடத்திலெல்லாம் "எந்த ஒரு" என்றோ "குறைந்தது ஒரு" என்றோ மாற்றி வாசித்துப் பாருங்கள். எது பொருந்துகிறதோ அதுதான் கூற்றின் வகை.

வரிசையும் பொருளை மாற்றும். "ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு சாவி உண்டு" என்பது சாதாரணச் செய்தி. "ஒரே சாவி எல்லாப் பூட்டையும் திறக்கும்" என்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான். எண்களில் இதே ஜோடி: "ஒவ்வோர் எண்ணுக்கும் அதைவிடப் பெரிய எண் ஒன்று உண்டு" மெய். "எல்லா எண்களையும்விடப் பெரிய எண் ஒன்று உண்டு" பொய். கல்லூரிக் கணிதத்தில் எல்லை, தொடர்ச்சி ஆகியவற்றின் வரையறைகள் குழப்புவதற்குப் பெரும்பாலும் இந்த வரிசைதான் காரணம்.

மறுப்பில் இன்னும் கவனம் வேண்டும். "எல்லாரும் வரவில்லை" என்று ஒருவர் சொன்னால், சிலர் வந்தார்களா, ஒருவருமே வரவில்லையா? பேச்சில் இரண்டுக்கும் இடமுண்டு. கணிதத்தில் கிடையாது. "எல்லாரும் வந்தார்கள்" என்பதன் மறுப்பு "குறைந்தது ஒருவர் வரவில்லை". "யாரோ ஒருவர் வந்தார்" என்பதன் மறுப்புதான் "ஒருவரும் வரவில்லை". மறுக்கும்போது "எல்லாம்" இருந்த இடத்தில் "குறைந்தது ஒன்று" வரும், "குறைந்தது ஒன்று" இருந்த இடத்தில் "எல்லாம்" வரும்.

"அல்லது" பற்றி ஒரு வரி: காபி அல்லது டீ என்றால் ஓட்டலில் ஏதாவது ஒன்று. கணிதத்தில் இரண்டும் சேர்ந்து இருந்தாலும் "அல்லது" மெய்தான்.

இரண்டாம் படி: வரையறையைத் தனியாகப் பிரியுங்கள்

வரையறை என்பது பெயர் வைக்கும் ஒப்பந்தம். அது மெய்யும் அல்ல, பொய்யும் அல்ல. பயனுள்ளதா, இல்லையா என்று மட்டும் கேட்கலாம். 1 ஏன் பகா எண் இல்லை என்று பிள்ளைகள் கேட்பது நல்ல கேள்வி. "புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது" என்பது மோசமான பதில். 12 என்ற எண்ணைப் பகா எண்களின் பெருக்கலாக எழுத, வரிசையைப் பொருட்படுத்தாவிட்டால், ஒரே வழிதான் உண்டு: 2 × 2 × 3. 1ஐயும் பகா எண்ணாகச் சேர்த்தால் 1 × 2 × 2 × 3, 1 × 1 × 2 × 2 × 3 என்று வழிகள் முடிவில்லாமல் போகும். காரணிப்படுத்தலின் தனித்தன்மையைச் சொல்லும் தேற்றம் அலங்கோலமாகிவிடும். அதனால்தான் வரையறையே 1ஐ வெளியே நிறுத்துகிறது.

இன்னொரு நுட்பம். "2ஆல் வகுபடும் எண் இரட்டைப்படை எண் எனப்படும்" என்று வரையறை ஒரு திசையில் எழுதப்பட்டிருந்தாலும் இரு திசையிலும் செல்லும். தேற்றத்துக்கு இந்தச் சலுகை இல்லை. பூச்சியம் இரட்டைப்படையா என்ற சந்தேகமும் இங்கேயே தீரும்: 0 = 2 × 0, ஆகவே இரட்டைப்படை. உள்ளுணர்வைக் கேட்காதீர்கள், வரையறையைக் கேளுங்கள்.

மூன்றாம் படி: "எனில்" எந்தப் பக்கம் பார்க்கிறது?

இந்தப் படியில் அவசரப்பட வேண்டாம். மற்ற எல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது.

"நெருப்பில்லாமல் புகையாது" என்ற பழமொழியை எடுத்துக்கொள்வோம். தர்க்க வடிவில் அது "நெருப்பு இல்லை எனில் புகை இல்லை". இதற்குச் சமமான இன்னொரு வடிவம் "புகை உண்டு எனில் நெருப்பு உண்டு". இதை மூலக் கூற்றாக வைத்தால் நான்கு உறவினர்கள் கிடைப்பார்கள்.

மூலக் கூற்று: புகை உண்டு எனில் நெருப்பு உண்டு.
மறுதலை: நெருப்பு உண்டு எனில் புகை உண்டு.
எதிர்மறை: புகை இல்லை எனில் நெருப்பு இல்லை.
நேர்மாறு: நெருப்பு இல்லை எனில் புகை இல்லை.

காஸ் அடுப்பைப் பற்றவையுங்கள். நீலச் சுடர் எரிகிறது, புகை இல்லை. மறுதலை விழுந்தது, அதே காட்சியில் எதிர்மறையும் விழுந்தது. மூலக் கூற்றுக்கு இதனால் ஒரு கீறலும் இல்லை. மூலமும் நேர்மாறும் எப்போதும் சேர்ந்தே மெய், சேர்ந்தே பொய். மறுதலையும் எதிர்மறையும் இன்னொரு ஜோடி. ஒரு ஜோடியிலிருந்து மற்ற ஜோடிக்குத் தாவ அனுமதி இல்லை.

புகையும் நெருப்பும் தமிழுக்குப் பழைய எடுத்துக்காட்டுதான். மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் சொல்லும் அளவையியல் (தர்க்கம்) பாடத்தில் அனுமானத்துக்கு, அதாவது தெரிந்ததிலிருந்து தெரியாததை அறிவதற்கு, பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என ஐந்து உறுப்புகள் வருகின்றன. இந்த மலையில் நெருப்பு உண்டு (பக்கம்), புகை இருப்பதால் (ஏது), அடுக்களை போல (திட்டாந்தம்) என்று அவை நடக்கும். இன்றைய பாடநூலில் "தரவு, நிரூபிக்க வேண்டியது" என்று இருக்கும் இடத்தில் அன்று ஏதுவும் பக்கமும் இருந்தன.

பிதாகரஸ் தேற்றத்துக்கு வருவோம். "செங்கோண முக்கோணம் எனில் கர்ணத்தின் வர்க்கம் மற்ற இரு பக்க வர்க்கங்களின் கூடுதலுக்குச் சமம்." பக்கங்கள் 5, 12, 13 என்று கொடுத்து, செங்கோணமா என்று கேட்டால் பயன்படுவது மறுதலை. அதுவும் மெய்தான், ஆனால் தனியாக நிரூபிக்கப்பட வேண்டியது. கிரேக்கக் கணிதர் யூக்ளிட் தன் 'எலிமென்ட்ஸ்' நூலின் முதல் பகுதியில் 47ஆம் முடிவாகத் தேற்றத்தையும் 48ஆம் முடிவாக மறுதலையையும் தனித்தனியே நிரூபித்தார். பக்கங்கள் 5, 12, 14 என்று இருந்து, செங்கோணம் அல்ல என்று காட்ட வேண்டுமானால் அங்கே வேலை செய்வது தேற்றத்தின் நேர்மாறு. 25 + 144 = 169, ஆனால் 14இன் வர்க்கம் 196. இதற்கு மறுதலை தேவையே இல்லை.

தேவையான நிபந்தனை, போதுமான நிபந்தனை என்ற ஜோடியும் இதே அம்புக்குறிதான். "எனில்" என்பதற்கு முன்னால் இருப்பது போதும், பின்னால் இருப்பது வேண்டும். "4ஆல் வகுபடும் எனில் இரட்டைப்படை." இரட்டைப்படை என்று சொல்ல 4ஆல் வகுபடுவது போதும், ஆனால் அது தேவையில்லை (6ஐப் பாருங்கள்). 4ஆல் வகுபட இரட்டைப்படையாக இருப்பது வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது (மறுபடியும் 6).

தமிழில் "தான்" என்ற ஒட்டு இந்த அம்பைத் திருப்பிவிடும். "18 வயது ஆனால் ஓட்டுப் போடலாம்", "18 வயது ஆனால்தான் ஓட்டுப் போடலாம்" இரண்டும் ஒன்றல்ல. முதலாவது வயதைப் போதுமானதாக்குகிறது, அது தவறு. குடியுரிமையும் வாக்காளர் பட்டியலில் பெயரும் வேண்டும். இரண்டாவது வயதைத் தேவையானதாக்குகிறது, அது சரி. இரு திசையும் மெய்யாக இருந்தால் "எனில், எனில் மட்டுமே" என்று எழுதுவார்கள். அப்படிப்பட்ட கேள்வியில் ஒரு திசையை மட்டும் நிரூபித்தால் பாதி விடைதான்.

"எனில்" கூற்று பொய்யாவது எப்போது என்பதையும் பார்த்துவிடுவோம். "மழை பெய்தால் கூட்டம் ரத்து" என்று அறிவித்தவர் சொல் தவறியவர் ஆவது ஒரே ஒரு நிலையில்: மழை பெய்தது, கூட்டம் நடந்தது. மழையே இல்லாமல் கூட்டம் ரத்தானாலும் அவர் சொன்னது பொய் ஆகாது, தலைவருக்குக் காய்ச்சலாக இருந்திருக்கலாம். முன்பகுதி பொய்யானால் முழுக் கூற்று மெய் என்ற விதியை மெய் அட்டவணையில் பார்த்துத் திகைப்பவர்கள் இந்தக் கூட்டத்தை நினைத்துக்கொள்ளலாம்.

நான்காம் படி: அடிகோள், தேற்றம், அவற்றின் பிள்ளைகள்

நிரூபணம் எங்காவது தொடங்க வேண்டும். நிரூபிக்காமல் ஏற்றுக்கொள்ளும் தொடக்கக் கூற்றே அடிகோள். அடிப்படைக் கொள்கை என்றும் எழுதுவார்கள், இலங்கைப் பாடநூல்களில் வெளிப்படையுண்மை. இந்தக் கடைசிப் பெயர் அழகானது, ஆனால் கொஞ்சம் தவறாக வழிகாட்டும். அடிகோள் வெளிப்படையாக இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. யூக்ளிடின் ஐந்தாவது அடிகோளை (இணைகோடுகள் பற்றியது) மற்ற நான்கிலிருந்து வருவிக்க நூற்றாண்டுக் கணக்கில் முயன்றார்கள், முடியவில்லை. 19ஆம் நூற்றாண்டில் அதை மாற்றிவைத்தும் முரணில்லாத வடிவியல் கட்டலாம் என்று தெரியவந்தது. பூமி உருண்டையில் இரண்டு தீர்க்கக்கோடுகளை 90 பாகை இடைவெளியில் எடுங்கள். நிலநடுக்கோட்டோடு அவை செய்யும் முக்கோணத்தில் மூன்று கோணமும் 90, கூடுதல் 270 பாகை. 180 என்ற தேற்றம் இங்கே பொய்யாகவில்லை. அது நிற்கும் அடிகோள் இங்கே இல்லை, அவ்வளவுதான்.

அடிகோள்களிலிருந்தும் வரையறைகளிலிருந்தும் நிரூபித்துப் பெறுவது தேற்றம். பெரிய தேற்றத்துக்கு ஏணியாக முன்கூட்டி நிரூபிப்பது துணைத் தேற்றம். தேற்றத்திலிருந்து ஓரிரு வரியில் உதிர்வது கிளைத் தேற்றம். இந்த மூன்றுக்கும் தர்க்கத்தில் வேறுபாடு இல்லை. எழுதுபவர் எதற்கு எவ்வளவு முக்கியத்துவம் தருகிறார் என்பதுதான் வேறுபாடு.

பெயரைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். ஃபெர்மாவின் கடைசித் தேற்றம் 350 ஆண்டுகளுக்கு மேல் நிரூபணம் இல்லாமலே தேற்றம் என்று அழைக்கப்பட்டது. ஆண்ட்ரூ வைல்ஸின் நிரூபணம் 1995இல் வெளியான பிறகுதான் பெயருக்கு ஏற்றதாயிற்று. எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. எந்த வரைபடத்திலும் அடுத்தடுத்த நாடுகளுக்கு வெவ்வேறு நிறம் தர நான்கு நிறங்கள் போதும் என்று 1879இல் கெம்ப் வெளியிட்ட நிரூபணம் 11 ஆண்டுகள் சரியென்றே நம்பப்பட்டது. 1890இல் ஹீவுட் ஓட்டையைக் காட்டினார். 1976இல் அப்பலும் ஹாக்கனும் கணினியின் துணையோடு முடிக்கும்வரை அது மறுபடி ஊகமாகவே இருந்தது.

ஐந்தாம் படி: ஊகமும் எதிர் எடுத்துக்காட்டும்

மெய்யென்று தோன்றுகிறது, சோதித்த இடமெல்லாம் ஒத்துவருகிறது, நிரூபணம் இல்லை. இதுதான் ஊகம். எத்தனை முறை சரிபார்த்தால் தேற்றமாகும் என்ற கேள்விக்கு, எத்தனை முறை பார்த்தாலும் ஆகாது என்பதே பதில்.

இதை ஒரு தாளில் செய்து பார்க்கலாம். பெரிய வட்டம் வரையுங்கள். பரிதியில் புள்ளிகள் வைத்து எல்லாப் புள்ளிகளையும் ஒன்றோடொன்று நேர்கோட்டால் இணையுங்கள். வட்டம் எத்தனை துண்டாகிறது என்று எண்ணுங்கள். 1 புள்ளிக்கு 1 துண்டு, 2க்கு 2, 3க்கு 4, 4க்கு 8, 5க்கு 16. அடுத்தது 32 என்று கை தானாக எழுதும். எண்ணினால் 31தான். ஒரு எச்சரிக்கை: 6 புள்ளிகளைச் சம இடைவெளியில் வைத்தால் மூன்று கோடுகள் நடுவில் ஒரே இடத்தில் சந்தித்து, ஒரு துண்டு காணாமல் போய் 30 வரும். புள்ளிகளை ஒழுங்கில்லாமல் வையுங்கள், கோடுகளைக் கூர்மையான பென்சிலால் போடுங்கள்.

இன்னும் நீண்ட ஏமாற்று வேலையும் உண்டு. ஓர் எண், அதன் வர்க்கம், 41 மூன்றையும் கூட்டுங்கள். 0 முதல் 39 வரை 40 எண்களுக்கும் விடை பகா எண். 40ஐப் போட்டால் 1600 + 40 + 41 = 1681, அதாவது 41 × 41. ஃபெர்மா 3, 5, 17, 257, 65537 என்ற தொடரின் (முந்தைய உறுப்பில் 1ஐக் குறைத்து, வர்க்கம் எடுத்து, 1ஐக் கூட்டினால் அடுத்தது) உறுப்புகள் எல்லாம் பகா எண்கள் என்று நம்பினார். அடுத்த உறுப்பு 4294967297. அது 641 × 6700417 என்று 1732இல் ஆய்லர் காட்டினார். அதே ஆய்லரின் ஊகம் ஒன்றும் பிற்காலத்தில் கவிழ்ந்தது. நான்கு ஐந்தாம் அடுக்குகளின் கூடுதல் இன்னொரு ஐந்தாம் அடுக்காக முடியாது என்பது அதன் ஒரு பகுதி. 27, 84, 110, 133 ஆகியவற்றின் ஐந்தாம் அடுக்குகளைக் கூட்டினால் 144இன் ஐந்தாம் அடுக்கு வருகிறது என்று 1966இல் லேண்டரும் பார்க்கினும் கணினியால் கண்டுபிடித்தார்கள்.

நிரூபணம் பிந்தி வந்து சேர்ந்த ஊகங்களும் உண்டு. ராமானுஜன் 1916இல் டௌ சார்பு என்ற எண்கோட்பாட்டுச் சார்பின் அளவு பற்றி முன்வைத்த ஊகத்தை 1974இல் டெலின் நிரூபித்தார். கோல்ட்பாக் ஊகம் (2ஐவிடப் பெரிய எந்த இரட்டைப்படை எண்ணும் இரு பகா எண்களின் கூடுதல்) 1742 முதல் இன்றுவரை ஊகம்தான்.

ஆறாம் படி: நிரூபணத்தை உடைத்துப் பார்த்துப் படியுங்கள்

நேரடி நிரூபணம், நேர்மாறு வழி, முரண்பாட்டு வழி, தொகுத்தறிதல் ஆகிய நான்கும் பள்ளிக்கும் கல்லூரித் தொடக்கத்துக்கும் போதும். வர்க்கமூலம் 2 விகிதமுறா எண் (இரு முழு எண்களின் விகிதமாக எழுத முடியாதது) என்ற நிரூபணத்தில் இரண்டு வழிகள் ஒன்றாக வருவதால் அதையே பிரிப்போம்.

முதலில் துணைத் தேற்றம்: ஓர் எண்ணின் வர்க்கம் இரட்டைப்படை எனில் அந்த எண்ணும் இரட்டைப்படை. இதை நேராக நிரூபிப்பது சங்கடம், நேர்மாறு எளிது. எண் ஒற்றைப்படை என்க, 2ம + 1 என்று எழுதலாம் (ம ஒரு முழு எண்). அதன் வர்க்கம் 4ம² + 4ம + 1, அது ஒற்றைப்படை. முடிந்தது.

இப்போது √2 = ப/க என்று கொள்வோம். ப, க இரண்டும் முழு எண்கள், 1ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லாதவை. இந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டுப் பிறகு முரண்பாடு எங்கே என்று தேடும் விடைத்தாள்கள் ஏராளம். ப² = 2க². ஆகவே ப² இரட்டைப்படை, துணைத் தேற்றப்படி ப இரட்டைப்படை, ப = 2ம. பதிலிட்டால் 4ம² = 2க², அதாவது க² = 2ம². கவும் இரட்டைப்படை. இரண்டுக்கும் 2 பொதுக் காரணி ஆகிவிட்டது. பொதுக் காரணி இல்லை என்றுதானே தொடங்கினோம்? முரண்பாடு. விழ வேண்டியது தொடக்க அனுமானம்.

புரிந்ததா என்று சோதிக்க ஒரு வழி: இதே நிரூபணத்தை √4க்கு ஓட்டிப் பாருங்கள். √4 = 2 என்பதால் எங்காவது அது உடைந்தே ஆக வேண்டும். ப² = 4க², ப இரட்டைப்படை, ப = 2ம, 4ம² = 4க², ம² = க². இங்கே வண்டி நின்றுவிடும். க இரட்டைப்படை என்று சொல்ல வழியில்லை. உடையும் இடத்தைச் சுட்ட முடிந்தவருக்குத்தான் நிரூபணம் புரிந்திருக்கிறது. உடையாமல் ஓடிவிட்டால் நீங்கள் எழுதியது நிரூபணமே அல்ல.

முரண்பாட்டு வழியில் வரும் இன்னொரு வழுக்கல்: பகா எண்கள் முடிவில்லாதவை என்ற நிரூபணத்தில், பட்டியலில் உள்ள எல்லாப் பகா எண்களையும் பெருக்கி 1ஐக் கூட்டுவோம். "அந்த எண் பகா எண்" என்று பலர் எழுதுகிறார்கள். 2 × 3 × 5 × 7 × 11 × 13 + 1 = 30031, அது 59 × 509. சரியாகச் சொல்ல வேண்டியது, அந்த எண்ணுக்குப் பட்டியலில் இல்லாத ஒரு பகாக் காரணி இருக்கிறது என்பதே.

கணிதத் தொகுத்தறிதல் பெயரில்தான் தொகுத்தறிதல், உள்ளே சுத்தமான உய்த்தறிதல் (ஏற்ற கூற்றுகளிலிருந்து தர்க்கத்தால் முடிவைப் பெறுவது). பல நிகழ்ச்சிகளைப் பார்த்துப் பொதுவிதியை ஊகிப்பது அறிவியலின் தொகுத்தறிதல். கணிதத்தில் அடிப்படைப் படி (முதல் எண்ணுக்கு மெய்), நகர்வுப் படி (ஓர் எண்ணுக்கு மெய் எனில் அடுத்ததற்கும் மெய்) இரண்டும் நிரூபிக்கப்பட்டால் முடிவில் ஐயமே இல்லை. அடிப்படைப் படியை "தெளிவு" என்று தாண்டாதீர்கள். 1 முதல் ந வரை கூட்டினால் ந(ந + 1)/2 + 5 வரும் என்று யாராவது சொன்னால் நகர்வுப் படி அழகாக வேலை செய்யும்: ம வரை மெய் என்று கொண்டு ம + 1ஐக் கூட்டினால் (ம + 1)(ம + 2)/2 + 5 வந்துவிடும். ஆனால் ந = 1க்கு இடப்பக்கம் 1, வலப்பக்கம் 6. ஏணியின் எல்லாப் படியும் உறுதி, ஏணி தரையில் ஊன்றவில்லை.

எதிர்மாறான நோயும் உண்டு. "எல்லாப் பசுக்களும் ஒரே நிறம்." ஒரு பசு உள்ள கூட்டத்தில் மெய். எந்த ம பசுக்களும் ஒரே நிறம் என்று கொள்வோம். ம + 1 பசுக்களில் முதல் பசுவை விலக்கினால் மற்றவை ஒரே நிறம், கடைசிப் பசுவை விலக்கினாலும் மற்றவை ஒரே நிறம், நடுவில் உள்ளவை பொது, ஆகவே எல்லாம் ஒரே நிறம். பிழை எங்கே? 1இலிருந்து 2க்கு ஏறும்போது "நடுவில் உள்ளவை" என்று யாருமே இல்லை. நகர்வுப் படி எல்லா எண்ணுக்கும் செல்லுமா என்று சிறிய எண்களில் கையால் போட்டுப் பாருங்கள்.

முடிவிலிருந்து தொடங்கும் பழக்கம் பற்றியும் சொல்ல வேண்டும். −1 = 1 என்று எழுதி இருபுறமும் வர்க்கம் எடுத்தால் 1 = 1 வரும். மெய்யில் முடிந்தது என்பதால் தொடக்கம் மெய்யாகிவிடாது. √2 + √6 < √15 என்று காட்டச் சொன்னால் கரட்டுத் தாளில் பின்னாலிருந்து வரலாம்: வர்க்கம் எடுத்தால் 8 + 2√12 < 15, அதாவது 2√12 < 7, மறுபடி வர்க்கம் எடுத்தால் 48 < 49. விடைத்தாளில் தலைகீழாக எழுத வேண்டும்: 48 < 49 என்பதில் தொடங்கி, எல்லாம் மிகை எண்கள் என்பதால் வர்க்கமூலம் எடுக்கலாம் என்ற காரணத்தையும் சொல்லி மேலே ஏற வேண்டும்.

ஏழாம் படி: அறிவியலுக்குள் வரும்போது

இங்கே சொற்கள் அதே மாதிரி ஒலிக்கும், எடை வேறு.

கருதுகோள் என்பது சோதனையில் தோற்கக்கூடிய வடிவில் எழுதிய விளக்கம். "செடிக்கு இசை பிடிக்கும்" என்பதில் எதை அளந்தால் தோற்கும்? ஒன்றுமில்லை. "வெளிச்சம் இல்லாமல் பாசிப்பயறு முளைக்காது" என்பது கருதுகோள். 50 பயறு ஈரத்துணியில் வெளிச்சத்தில், 50 பயறு அதே துணியில், அதே அறையில், மூடிய டப்பாவில். இரண்டுக்கும் 20 மில்லி தண்ணீர், 48 மணி நேரம். டப்பாவில் உள்ளதும் முளைத்துவிடும், கருதுகோள் தோற்றது. டப்பாவை மொட்டைமாடி வெயிலில் வைத்தால் வெளிச்சத்தோடு வெப்பமும் மாறும், பிறகு எது காரணம் என்று சொல்ல முடியாது. ஒரு நேரத்தில் ஒரு காரணியை மட்டும் மாற்றுவது என்பது இதற்காகத்தான்.

விதி, எது எப்படி மாறுகிறது என்று சொல்லும். கோட்பாடு, ஏன் என்று விளக்கும். பாயில் விதி: மாறா வெப்பநிலையில் குறிப்பிட்ட நிறையுள்ள வாயுவின் அழுத்தமும் கனஅளவும் எதிர்விகிதம். அது ஏன் என்று சொல்வது வாயுக்களின் இயக்கவியற் கோட்பாடு. கோட்பாடு வளர்ந்து விதியாகும் என்பது பதவி உயர்வு போன்ற கற்பனை. அணுக் கோட்பாடு எத்தனை சான்று சேர்ந்தாலும் கோட்பாடாகவே இருக்கும், அது குறை அல்ல. விதிக்கும் எல்லை உண்டு. ஓம் விதி (மின்னோட்டமும் மின்னழுத்தமும் நேர்விகிதம்) வெப்பநிலை மாறாத உலோகக் கம்பிக்குப் பொருந்தும். குண்டு பல்பின் இழை சூடேறும்போது மின்தடை கூடுவதால் மின்னழுத்த-மின்னோட்ட வரைபடம் வளையும். டையோடில் அது நேர்கோடாக வரவே வராது.

இப்போது மூன்றாம் படியின் அம்புக்குறியை எடுங்கள். "கருதுகோள் மெய் எனில் இதைக் காண்போம்." கண்டோம். ஆகவே கருதுகோள் மெய் என்றால் அது மறுதலைக்குத் தாவுவது. ஆகவேதான் அறிவியலில் "நிரூபித்தது" என்பதைவிட "ஆதரிக்கிறது" என்று எழுதுவதே சரி. காணவில்லை என்றால் நேர்மாறு வேலை செய்யும், கருதுகோள் விழும். ஆனால் எந்தக் கருதுகோள்? எந்தக் கணிப்பும் தனிக் கருதுகோளிலிருந்து வருவதில்லை. கருவி சரி, வேறு தாக்கம் இல்லை என்ற துணை அனுமானங்களும் சேர்ந்தே வருகின்றன.

யுரேனஸ் கோள் கணித்த பாதையில் போகவில்லை. நியூட்டனின் ஈர்ப்பு விதி தவறா, கோள்களின் பட்டியல் தவறா? பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே இரண்டாவதைச் சந்தேகித்தார், தெரியாத கோள் எங்கே இருக்க வேண்டும் என்று கணக்கிட்டார். 1846 செப்டம்பர் 23 அன்று பெர்லினில் வானியலாளர் காலே தொலைநோக்கியைத் திருப்பியபோது, சொன்ன இடத்திலிருந்து 1 பாகைக்குள் நெப்டியூன் இருந்தது. புதன் கோளின் பாதையிலும் விளங்காத நகர்வு இருந்தது, நூற்றாண்டுக்குச் சுமார் 43 வில்விநாடி (ஒரு வில்விநாடி என்பது பாகையில் 3600இல் ஒரு பங்கு). லெவெரியே 1859இல் அதே மருந்தையே கொடுத்தார்: சூரியனுக்கு அருகே இன்னும் பொருள் இருக்க வேண்டும். வல்கன் என்று பெயரும் வைத்துத் தேடினார்கள், கிடைக்கவில்லை. இந்த முறை மாற வேண்டியிருந்தது ஈர்ப்புக் கோட்பாடே. 1915இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் அந்த 43ஐத் தந்தது. தர்க்கம் இரண்டு முறையும் ஒன்றே. எந்த அனுமானத்தைக் கைவிடுவது என்பதைத் தர்க்கம் சொல்லாது, அடுத்த கணிப்பும் அடுத்த அளவீடும்தான் சொல்லும்.

எட்டாம் படி: கையை நனைத்துப் பார்க்க மூன்று

விடையைப் படிக்கும் முன் பென்சிலை எடுங்கள்.

"நாற்கரம் சதுரம் எனில் அதன் மூலைவிட்டங்கள் சமம்." மறுதலை மெய்யா? இல்லை. நீளம் 4, அகலம் 3 உள்ள செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் இரண்டும் 5, ஆனால் அது சதுரம் அல்ல. ஆகவே மூலைவிட்டங்கள் சமமாக இருப்பது சதுரத்துக்குத் தேவை, போதாது.

"இந்தக் கஷாயம் குடித்த 20 பேருக்கும் ஒரு வாரத்தில் சளி போய்விட்டது, ஆகவே கஷாயம் சளியைக் குணமாக்கும்." குடிக்காத 20 பேர் எங்கே? சாதாரணச் சளி பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் தானே போகும். கண்ட முடிவு கஷாயம் வேலை செய்தாலும் வரும், செய்யாவிட்டாலும் வரும். மறுதலைக்குத் தாவியது மட்டுமல்ல, ஒப்பீட்டுக் குழுவும் இல்லை.

"ஒவ்வோர் ஊரிலும் ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும் கடை ஒன்றாவது உண்டு." இதை மறுத்து எழுதுங்கள். "எந்த ஊரிலும் ஞாயிறு கடை இல்லை" என்று எழுதினால் முதல் படிக்குத் திரும்பிப் போக வேண்டும். சரியான மறுப்பு: ஏதோ ஓர் ஊரில் ஞாயிற்றுக்கிழமை எல்லாக் கடைகளும் மூடியிருக்கும்.